அந்த எக்செல் ஃபைலையே வெளியிடுங்கள்: எங்கள் நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

ஆணையர் ஐயாவுக்கும், பொறியியல் பிரிவில் இருக்கும் எல்லாருக்கும், முக்கியமாக முன்னறையில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டும் அந்த மேடத்துக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, குடிநீர் வரும் நேரம் கேட்க ஆபீசுக்கு வந்திருந்தேன். நம் நகராட்சி இணையதளத்தில் 'குடிநீர் விநியோக அட்டவணை' என்று ஒரு லிங்க் இருக்கிறது. அழுத்தினால் இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு பிடிஎஃப் திறக்கும், அதுவும் ஸ்கேன் எடுத்தபோது தாள் சாய்ந்துபோனதில் கடைசி நான்கு வார்டுகள் பாதி வெட்டுப்பட்டுக் கிடக்கும். அந்த நான்கில் ஒன்று எங்கள் வார்டு. மேடம் சலித்துக்கொள்ளாமல் ஓர் எக்செல் ஃபைலைத் திறந்தார். வார்டு, தெரு, எந்தத் தொட்டி, எந்தக் கிழமை, எத்தனை மணி, வால்வு திறப்பவர் பெயர், அவருடைய ஃபோன் நம்பர், எல்லாம் வரிசையாக இருந்தது. அன்று காலை மோட்டார் பழுதானதால் மாற்றிய நேரம்கூட மஞ்சள் அடித்து வைத்திருந்தார். எனக்கு வேண்டியது பத்து விநாடியில் கிடைத்துவிட்டது.

"இதையே இணையதளத்துல போட்டுடலாமே மேடம்?" என்றேன். சிரித்தார். "அது அவ்ளோ சுலபமில்ல சார்."

பிறகு அவரே விளக்கினார். எக்செலை பிரிண்ட் எடுக்க வேண்டும், கோப்பில் வைத்து மேலே அனுப்ப வேண்டும், கையெழுத்தும் முத்திரையும் விழுந்து அது கீழே வர வேண்டும், அப்புறம் ஸ்கேன் செய்து, இணையதளத்தைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும், அவர் நேரம் கிடைக்கும்போது ஏற்றுவார். அதற்குள் அட்டவணை இரண்டு தடவை மாறியிருக்கும், அதனால் அனுப்புவதையே விட்டுவிட்டார்களாம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலையை அவர் முடித்துவிட்டார். முடித்த வேலையைத் தாளாக்கி, தாளைப் படமாக்கி, படத்தை மூன்றாவது ஆள் கையில் கொடுத்தால்தான் ஊருக்குத் தெரியும் என்று வைத்திருக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

ஒரு எக்செல் அட்டவணையை இணையப் பக்கமாக்க இன்றைக்கு யாருடைய தயவும் வேண்டாம். அதே ஃபைலை கூகுள் ஷீட்டில் ஏற்றி, 'ஃபைல்' மெனுவில் 'ஷேர்' என்பதற்குள் போனால் 'பப்ளிஷ் டு வெப்' என்று ஒன்று இருக்கும். எந்த ஷீட் என்று தேர்ந்தெடுத்து அழுத்தினால் ஒரு லிங்க் வரும். அந்த லிங்க்கை நகராட்சி இணையதளத்தில் ஒரே ஒரு முறை ஒப்பந்தக்காரர் சேர்த்தால் போதும். அதன்பிறகு மேடம் ஷீட்டில் 6 மணியை 7 என்று மாற்றினால், சில நிமிஷத்தில் வெளியேயும் 7 ஆகிவிடும். டெண்டர் அறிவிப்பு, கூட்டத் தீர்மானம் மாதிரி எழுத்து வேலைகளுக்கு கூகுள் டாக்ஸிலும் இதே வசதி உண்டு. வெளி ஆட்களின் சர்வர் வேண்டாம் என்று விதி இருந்தால் எக்செல் மாதிரியே வேலை செய்யும் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது, இலவசம், அதில் ஃபைலை எச்டிஎம்எல் ஆகவே, அதாவது இணையப் பக்கமாகவே சேமிக்கலாம், ஆனால் மாற்றும்போதெல்லாம் திரும்ப ஏற்ற வேண்டும்.

இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு, அரசாங்கக் காரியத்துக்கு ஆகாது என்று யாராவது சொல்வார்கள். கோவிட்19இந்தியா தளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் தன்னார்வலர்கள் சேர்ந்து தொடங்கியது, 2021 அக்டோபரோடு நிறுத்தினார்கள். நாடு முழுக்க மாவட்டவாரியாக எண்ணிக்கை பார்த்தோமே, அந்த எண்கள் உட்கார்ந்திருந்தது ஒரு கூகுள் ஷீட்டில்தான், தளம் அதிலிருந்து எடுத்துக் காட்டியது. அவர்கள் அதிகம் அல்லாடியது எங்கே தெரியுமா? மாநிலங்கள் வெளியிட்ட பிடிஎஃப்களையும் படங்களையும் கண்ணால் பார்த்துத் திரும்பத் தட்டச்சு செய்வதில். அந்த எண்கள் எல்லாம் ஏதோ ஓர் ஆபீசில் ஏற்கெனவே எக்செலில் இருந்திருக்கும், நம் மேடத்தின் அட்டவணை மாதிரி.

எக்செலை எல்லாவற்றுக்கும் நம்பலாம் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் கடைசியில், 15,841 பேரின் கொரோனா பரிசோதனை முடிவுகள் கணக்கில் சேராமல் போயின. எக்செலின் பழைய வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான், அதற்கு மேல் வந்தது சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. நம் ஊர் வார்டுகளுக்கு அந்தப் பயம் வேண்டாம், அத்தனை வரிசை வரவே வராது. நமக்கு இருக்கும் ஆபத்து வேறு. 2023இல் வட அயர்லாந்து காவல்துறை, தகவல் கேட்டவர்களுக்கு ஓர் எக்செல் ஃபைலைக் கொடுத்தது. அதற்குள் மறைந்திருந்த ஒரு ஷீட்டில் ஏறக்குறைய 10,000 காவலர், ஊழியர் விவரங்கள் இருந்தன, மொத்தமும் வெளியே போய்விட்டது. அதனால், மேடம், உங்கள் ஃபைலை அப்படியே வெளியிட்டுவிடாதீர்கள் (தலைப்பில் வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன், மன்னிக்கவும்). அதில் வால்வு திறப்பவரின் ஃபோன் நம்பர் இருக்கிறது, அது வெளியே போனால் மனுஷன் தூங்க முடியாது. நம்பர் இருக்கும் அந்தப் பத்தியை 'ஹைட்' செய்து மறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், வெளியே போக வேண்டிய பத்திகளை மட்டும் தனி ஃபைலில் வைத்து அதை வெளியிடுங்கள். சொத்து வரி பாக்கிப் பட்டியல் மாதிரி ஆள் பெயர் உள்ளவை இந்த வழிக்கே வேண்டாம்.

அப்புறம் எழுத்துரு. உங்கள் ஃபைல்களில் பாதி இன்னும் வானவில் என்ற பழைய எழுத்துருவில் இருப்பதைப் பார்த்தேன். அதை இணையத்தில் போட்டால், அந்த எழுத்துரு இல்லாத ஃபோனில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த கசமுசாதான் தெரியும். எந்த ஃபோனிலும் ஒழுங்காகத் தெரியும் பொது எழுத்து முறைதான் யூனிகோடு, தமிழக அரசு 2010இலேயே அதை ஏற்று ஆணை போட்டுவிட்டது. பழையதை மாற்ற இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன, ஓர் அரைநாள் வேலை. இதற்கும் பிரிண்ட்-ஸ்கேன் வழிதான் சுலபம் என்று தோன்றலாம், தாளில் எந்த எழுத்துருவும் ஒழுங்காகத்தானே தெரிகிறது. ஆனால் எங்கள் தெருவில் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், ஃபோன் படித்துக் காட்டக் கேட்டுத்தான் எல்லாம் பார்க்கிறார். உங்கள் ஸ்கேன் பிடிஎஃப்பைத் திறந்தால் அவர் ஃபோன் வாயே திறப்பதில்லை, ஏனென்றால் அதில் எழுத்தே இல்லை, வெறும் படம். அதையே யூனிகோடில், வேர்டில் ஒவ்வொரு தலைப்புக்கும் 'ஹெடிங்' ஸ்டைல் போட்டு வெளியிட்டால், தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவி அவரே கேட்டுக்கொள்வார்.

கையெழுத்து இல்லாமல் எப்படி என்று ஆணையர் ஐயா கேட்கலாம். நியாயம்தான். கையெழுத்துப் போட்ட பிரதி கோப்பில் இருக்கட்டும், டெண்டருக்கும் தீர்மானத்துக்கும் ஸ்கேனையும் சேர்த்தே போடுங்கள். தண்ணீர் வரும் நேரத்துக்கு எதற்கு முத்திரை? ஷீட்டில் திருத்தும் அனுமதியை இரண்டே பேருக்குக் கொடுங்கள், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது அதன் வரலாற்றில் பதிவாகிவிடும், அது கோப்புக் குறிப்பைவிடக் கறாராகவே இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, நான்காவது பிரிவு, யாரும் கேட்காமலேயே தகவல்களை வெளியிட வேண்டும் என்கிறது, இணையத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இதைச் சட்டம் பேசுவதற்காகச் சொல்லவில்லை, மேடம் மேலே கோப்பு அனுப்பும்போது ஒரு வரி உதவட்டும் என்று சொல்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. குடிநீர் அட்டவணை ஒன்றை மட்டும் ஒரு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். ஒன்றே ஒன்று கவனம்: மாதா மாதம் 'புதுசு', 'புதுசு ஃபைனல்' என்று புது ஃபைல் தொடங்காதீர்கள், பழைய ஃபைலிலேயே திருத்துங்கள். புது ஃபைல் என்றால் புது லிங்க், பழைய லிங்க்கை வைத்திருப்பவர்கள் பழைய நேரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் முனை டீக்கடையில் அந்த லிங்க்கின் க்யூஆர் கோடை ஒட்ட இடம் கேட்டு வைத்திருக்கிறேன், அண்ணன் சரி என்றுவிட்டார், பால் விலைப் பலகைக்குப் பக்கத்தில். ஏதாவது சனிக்கிழமை கூப்பிட்டால் லேப்டாப்போடு வந்து மேடத்தோடு உட்காருகிறேன், வானவில் ஃபைல்களையும் மாற்றித் தருகிறேன், ஒரு டீ போதும்.

இப்படிக்கு,
வெட்டுப்பட்ட நான்கு வார்டுகளில் ஒன்றிலிருந்து ஒருவன்