சாவித்திரியின் படங்களை வீட்டில் பார்ப்பது பற்றி நண்பனுக்கு

சிம்மக்கல்,
மதுரை.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்து, பிடிமானம் இல்லாமலே மாடிப்படி ஏறுகிறாள் என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. சாவித்திரி நடித்த பழைய படங்களை டிவிடியாக வாங்கி வைக்க நினைப்பதாகவும், எதை வாங்கலாம், வீட்டில் போட்டுப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். பதினெட்டு ஆண்டுகள் வீடியோ கேசட் வாடகைக் கடை நடத்தியவன் என்பதால், நான் கேட்டதையும் பார்த்ததையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டி.வி.யையும் கேசட் போடும் வீடியோ டெக்கையும் வாடகைக்கு எடுத்து வந்து, தெருவே கூடி விடிய விடிய மூன்று படம் பார்த்த காலம் உனக்கு நினைவிருக்கும். வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் ரசிகர் என்ன நினைக்கிறார் என்பதை அந்தக் காலத்தில்தான் நான் தெரிந்துகொண்டேன். கேசட்டை வாங்கிப் போகும்போது யாரும் பேசமாட்டார்கள். திருப்பிக் கொடுக்க வரும்போதுதான் நின்று பேசுவார்கள். அமாவாசைக்குத் தறி நிற்கும் என்பதால் அன்று காலையிலேயே செல்லூரிலிருந்து பெண்கள் நாலைந்து பேராக வந்து 'பாசமலர்' கேட்பார்கள். ஒருமுறை அவர்களில் ஓர் அம்மா கேசட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளை அழுகிறது பெரிசில்லை தம்பி, அழுகை வரும்போது உதட்டை மடித்து அடக்குது பாருங்க, அங்கேதான் எங்களுக்குத் தாங்கலை" என்றார். அதற்குப் பிறகு சாவித்திரியைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்துவிட்டேன். அந்த அம்மா சொன்ன அளவுக்கு நெருக்கமாக வேறு யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

விசிடி வந்த காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். ஒரு விசிடி தட்டில் ஏறத்தாழ 74 நிமிடம்தான் அடங்கும் என்பதால், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் பழைய படம் மூன்று தட்டுகளாக வரும். தொண்டை அடைத்து நிற்கும் கட்டத்தில் தட்டு முடிந்துபோகும். எழுந்து போய் அடுத்ததை மாற்றிப் போட்டு உட்காருவதற்குள் மனத்தில் கூடி வந்தது கலைந்துவிடும். 2007-இல் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் கடைகளுக்கு வந்தபோது, வாடகைக்கு எடுப்பதைவிடச் சொந்தமாக வாங்குவதே சுலபம் என்றாகி என் கடை ஓய்ந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. சாவித்திரி நடித்த படம் நெசவாளி வீட்டு அலமாரியிலும் இருக்கலாம் என்ற நிலை வந்ததை நான் நல்ல காலமாகவே நினைக்கிறேன்.

2018-இல் அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் படம் வெளிவந்து, கீர்த்தி சுரேஷுக்குத் தேசிய விருதும் கிடைத்த பிறகு, என் பேத்தி "தாத்தா, நிஜ சாவித்திரியைப் பார்க்கணும்" என்று கேட்கத் தொடங்கினாள். அப்போது ஆரம்பித்ததுதான் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைப் படம். வாடிப்பட்டியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் அத்தை, என் மகள், பேத்தி, பெங்களூருவிலிருந்து மருமகளாக வந்த கன்னடப் பெண், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை என்று ஐந்து பேர் ஐந்து விதமாகப் பார்த்தார்கள்.

பேத்திக்குச் சாவித்திரி என்றால் அழுகை என்ற எண்ணம் எப்படியோ மனத்தில் பதிந்திருந்தது. அதனால் முதலில் 1955-இல் வந்த 'மிஸ்ஸியம்மா'வைப் போட்டேன். வேலைக்காகக் கணவன் மனைவியாக நடிக்க ஒப்புக்கொண்ட கிறிஸ்தவ ஆசிரியையாக, ஜெமினி கணேசன் ஒவ்வொரு முறை சமாதானம் பேச வரும்போதும் புருவத்தை மட்டும் உயர்த்தி அவரைத் தள்ளி நிறுத்தும் அந்த எரிச்சலைப் பார்த்துப் பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நடிகை பானுமதிக்கென்று முதலில் முடிவாகியிருந்த வேடம் அது என்று நான் சொன்னபோது அவளால் நம்பவே முடியவில்லை. அடுத்த வாரம் 'மாயா பஜார்' பார்த்தோம். கடோத்கஜன், சாவித்திரி நடித்த வத்சலாவின் உருவெடுத்து அந்தப்புரத்தில் நடமாடும் கட்டத்தை மட்டும் நான்கு முறை பின்னுக்கு ஓட்டிப் பார்த்தாள். பட்டுப் பாவாடையும் நகையும் பூவும் அப்படியே இருக்க, கடோத்கஜனாக நடித்த ரங்காராவின் மிடுக்கு தோளிலும் நடையிலும் வந்து ஏறிக்கொள்வதைத் தியேட்டரில் பார்த்தபோது நாம் கைதட்டியதோடு சரி. அது எந்த நொடியில் ஏறியது என்று நிறுத்திப் பார்க்க நமக்கு வழி இருக்கவில்லை.

அத்தையின் தீர்ப்பு வேறு. வள்ளி திருமண நாடகங்களைக் கோவில் திடலில் விடியும்வரை உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவர் அவர். 'நவராத்திரி'யில் சிவாஜி கணேசன் ஒன்பது வேடம் போட்டார் என்று உலகமே பேசுகிறது. அத்தையோ, "ஒன்பது பேருக்கும் எதிரே ஒருத்தியே நின்று ஈடு கொடுத்திருக்கிறாளே, அதை யாரும் கணக்கில் எழுதலையே" என்றார். கூத்து மேடைக் காட்சி வந்தபோது காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்து, அடவு பிசகாமல் ஆடுகிறாளா என்று கவனித்து, முடிந்ததும் "மேடை பழகின காலு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மருமகளுக்குத் தமிழ் பேச வரும், பாட்டு வரிகள் முழுதாகப் பிடிபடாது. 'பாசமலர்' தட்டில் வசனத்துக்கு ஆங்கில எழுத்துகள் ஓடின. பாட்டு வந்ததும் நின்றுவிட்டன. அண்ணன் ஒரு வீட்டிலும் தங்கை ஒரு வீட்டிலும் தொட்டில் அருகே நின்று பாடும் தாலாட்டில்தான் அந்தப் படத்தின் பிரிவு முழுவதும் சொல்லப்படுகிறது. அதை மொழிபெயர்க்காமல் விட்டால் கதையில் ஒரு பாகத்தையே வெட்டியது போலாகும். மகள் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி சொல்லிக்கொண்டே வந்தாள். மருமகள் சொல்லைக் கேட்டுக்கொண்டே முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இத்தனை பேர் சொன்னதையும் கேட்டு, நானும் திரும்பத் திரும்பப் பார்த்து, என் மனத்தில் உறுதியானது ஒன்று உண்டு. எதிரே இருப்பவர் பேசும்போது சாவித்திரி எப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதில்தான் அவருடைய பெரிய நடிப்பு இருக்கிறது. 'கர்ணன்' படத்தில் துரியோதனன் மனைவி பானுமதியாக அவருக்கு வேடம் சிறியதுதான். ஆனால் சொக்கட்டான் ஆட்டத்தின் நடுவே கணவன் வருவதைக் கண்டு எழுவதும், எழுந்ததை ஓடுவதாக நினைத்துக் கர்ணன் இடுப்பு மேகலையைப் பிடித்து இழுக்க, அது அறுந்து முத்து சிதறுவதும், அடுத்து என்ன நடக்குமோ என்று அந்த முகம் நிற்கும் நிலையும் உண்டே, அங்கே அவருக்கு வசனமே தேவைப்படவில்லை. தங்கம் தியேட்டரின் அவ்வளவு பெரிய திரையில் நம் கண் வசனம் பேசுபவர் பக்கமே ஓடியது. அந்தத் தியேட்டர் இருந்த இடத்தில் இன்று துணிக்கடை நிற்கிறது; வீட்டில் ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் பேசாமல் இருப்பவரின் முகம் நமக்கு அகப்படுகிறது.

அதனால்தான் ஒரு காரியத்தில் நீ ஏமாந்துவிடக் கூடாது என்று வற்புறுத்திச் சொல்கிறேன். அந்தக் காலப் படங்களின் திரைச் சட்டம் ஏறக்குறைய சதுரமானது, அகலம் நாலுக்கு உயரம் மூன்று. இன்றைய அகலமான டி.வி.யில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுவதைச் சிலர் குறையாக நினைப்பதால், சில நிறுவனங்கள் படத்தை இழுத்துப் பெரிதாக்கி, மேலும் கீழும் நறுக்கித் தட்டு போட்டிருக்கின்றன. அப்படிச் செய்தால் படத்தின் உயரத்தில் கால் பங்கு போய்விடும். நான் முதலில் வாங்கிய 'பாசமலர்' அப்படிப்பட்டதுதான். அருகில் எடுத்த காட்சிகளில் சாவித்திரியின் நெற்றிப் பொட்டு பாதியாக நின்றது. முந்தானையைத் திருகும் விரல்கள் திரைக்குக் கீழே போய்விட்டன. மிச்சமிருந்த மூலையில் நிறுவனத்தின் முத்திரை படம் முடியும்வரை ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் போனால் அந்த நடிப்பில் பாதி போய்விட்டதென்று அர்த்தம். கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டுபோனபோது, படம் தெளிவாகத்தானே இருக்கிறது என்று அவர் சொன்னார். எனக்கு அன்று இரவு உண்மையாகவே தூக்கம் வரவில்லை. இன்னொரு கடையில் தேடிப் பிடித்த பழைய பதிப்பில் கோடும் புள்ளியும் நிறைய உண்டு, ஒலியில் இரைச்சலும் உண்டு, ஆனால் பொட்டும் விரலும் முழுதாக இருக்கின்றன. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "இப்போதான் பிள்ளை முழுசா வந்திருக்கா" என்றார்.

ஆகவே பளபளப்பான அட்டையைப் பார்த்து வாங்காதே. கடையில் ஐந்து நிமிடம் போட்டுக் காட்டச் சொல். இரண்டு ஓரமும் கறுப்பாகத் தெரிந்தால் தயங்காமல் வாங்கு. பாட்டில் ஏதும் வெட்டில்லை என்பதையும் ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொள். 'திருவிளையாடல்' நல்ல தட்டாக இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. நம் மதுரைக் கதையில் சக்தியாக அவர் நிற்பதை மங்கிய வண்ணத்தில் பார்க்க மனம் வரவில்லை. உன் ஊரில் கிடைத்தால் எனக்கும் சேர்த்து ஒன்று வாங்கி வை.

வருகிற வெள்ளிக்கிழமை என் மைத்துனர் உங்கள் ஊருக்கு வருகிறார். பழைய பதிப்பு 'பாசமலர்' தட்டை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். தங்கச்சியோடு உட்கார்ந்து பார். சிவாஜி நீளமாகப் பேசும் கட்டங்களில் மட்டும் அவரை விட்டுவிட்டுச் சாவித்திரியைப் பார்த்துக்கொண்டிரு. என்ன தெரிந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுது. தங்கச்சி என்ன சொன்னாள் என்பதையும் தனியாக எழுது, அத்தை கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்