டிசைனை பிடிஎஃப் ஆகவும் அனுப்புங்கள்: ஒரு திறந்த மடல்

மாவட்டங்களுக்கு முகாம் விளம்பரங்களை வடிவமைத்து அனுப்பும் அலுவலர்களுக்கு,

வணக்கம். துறையின் பெயரை எழுதவில்லை. போன மாதம் காவேரிப்பட்டணத்தில் நடந்த சர்க்கரைப் பரிசோதனை முகாம் என்றாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். ஃப்ளெக்ஸில் ஒரு வரி விடுபட்டதற்கு அச்சுக் கடையின் கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். கிருஷ்ணகிரியில் அந்தக் கடையை நடத்துவது நான்தான்.

உங்கள் மெயில் வரும்போது இரவு ஏழரை. விடிவதற்குள் 12 ஃப்ளெக்ஸ் கட்டியாக வேண்டும். ஃபைல், நாம் டிசைன் பண்ணும் சாஃப்ட்வேரான கோரல்டிராவின் புது வெர்ஷனில் சேமித்தது. என் கடையில் இருப்பது எக்ஸ்3, 2006-இல் வந்தது. புது வெர்ஷன் ஃபைல் பழையதில் திறக்காது என்பது எங்கள் தொழிலுக்கு நேற்று வந்த பையனுக்கும் தெரியும். ஓசூரில் இருக்கும் நண்பருக்கு அனுப்பி, பழைய வெர்ஷனில் சேமித்துத் தரச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "அண்ணா, படமெல்லாம் சரியா இருக்கு. தமிழ் ஒரு எழுத்துகூட வரல."

நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு எங்கள் யாரிடமும் இல்லை. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான ஒருங்குறியும் (யூனிகோட்) அல்ல அது. இந்த மாதிரிப் பழைய எழுத்துருக்களின் சங்கதி உங்களுக்குத் தெரியாததல்ல. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் ஃபைலுக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அதுதான் தெரியும். திரை முழுக்க அப்படித்தான் கிடந்தது. கடையில் இருந்த எழுத்துருக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், எதிலும் சொல் கூடிவரவில்லை. கடைசியில் கூடவே வந்த ஜேபெக் படத்தைப் பார்த்து முழுவதையும் திரும்ப அடித்தேன்.

அந்தப் படம் உள்ளங்கை அளவு. அடியில் ஒரு சின்ன வரி இருந்தது. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்ததே தவிர எழுத்தாகத் தெரியவில்லை. மெயிலில் இருந்த எண்ணுக்கு இரவு பத்து மணி வரை நான்கு முறை கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. தெரியாததை ஊகித்து அடிக்கக் கூடாது என்று அந்த வரியை விட்டுவிட்டேன். விட்டது நான்தான், மறுக்கவில்லை.

அந்த வரி, 'காலையில் வெறும் வயிற்றில் வரவும்'.

முகாம் அன்று நான் போயிருந்தேன். பர்கூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, இரண்டு பஸ் மாறி வந்தவர், காலையில் களி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். "சாப்பிட்டாச்சா? அப்போ இன்னிக்கு எடுக்க முடியாதும்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். "போர்டுல ஒண்ணும் போடலியே" என்று அவர் கேட்டபோது நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அப்படித் திரும்பிப் போனது அவர் ஒருவர் மட்டுமல்ல.

உங்கள் பக்கம் இதைத் தடுக்க இரண்டு நிமிடம் போதும். வேலை முடிந்ததும் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து, கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் க்யூ. எழுத்தெல்லாம் கர்வ், அதாவது வெறும் கோட்டு வடிவம் ஆகிவிடும், அப்புறம் எந்த எழுத்துருவும் தேவையில்லை. அதையே பிடிஎஃப் ஆகப் போட்டு, கோரல் ஃபைலோடு சேர்த்து அனுப்புங்கள். பிடிஎஃப் 2008-லேயே ஐஎஸ்ஓ தரமாகிவிட்டது, எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும்.

தலைநகரில் வருடத்துக்கு ஒரு வெர்ஷன் மாறுகிறது. ஒரு புது வெர்ஷன் விலைக்கு இங்கே கடைப் பையனுக்குச் சம்பளம் கொடுத்துவிடலாம். மாவட்டத்துக்குத்தானே, எப்படியாவது போட்டுக்கொள்வார்கள் என்ற நினைப்பு எல்லாவற்றிலும் இருக்கிறது. அரசுச் சின்னத்தைக்கூட வேர்ட் ஃபைலில் ஒட்டி அனுப்புகிறீர்கள். பத்தடிக்குப் பெரிதாக்கினால் கோபுரம் மங்கி, கீழே 'வாய்மையே வெல்லும்' வெறும் கறையாகிவிடுகிறது. அதைக் கோட்டு வடிவமாகவே சேமிக்கும் எஸ்விஜி ஃபைலாக ஒரு முறை கொடுத்தால் எத்தனை அடிக்கும் உடையாது, இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் சாஃப்ட்வேரிலேயே திறந்துவிடும். தமிழுக்கு ஒருங்குறிதான் தரம் என்று 2010-இல் அறிவித்தது நம் அரசுதான். பழைய கோரலில் ஒருங்குறித் தமிழ் சரியாக அமையாது, எங்களுக்கும் அந்தச் சிக்கல் உண்டு. அதனால்தான் கர்வ் பண்ணுங்கள் என்கிறேன்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புது கம்ப்யூட்டரோ கூடுதல் கூலியோ கேட்கவில்லை. அடுத்த முகாமுக்கு ஃபைல் அனுப்பும்போது கர்வ் பண்ணிய பிடிஎஃப் ஒன்றும் கூட இருக்கட்டும். மெயிலில் கொடுக்கும் எண்ணை அன்று இரவு யாராவது எடுக்கட்டும். தயவுசெய்து இதை மட்டும் செய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
ஃப்ளெக்ஸ் கடைக்காரன்,
கிருஷ்ணகிரி