தமிழ் வழிப் பள்ளிகளுக்கான ஆசிரியர்கள் எங்கள் பிள்ளைகளிலிருந்தே வரட்டும்

கேரளப் பொதுக்கல்வித் துறை அதிகாரிகளுக்கும் அரசுப் பணியாளர் தேர்வாணையமான பி.எஸ்.சி.யின் தலைவர், உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்திலிருந்து எழுதுகிறேன். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, வேலந்தாவளம் பக்கம் பெரும்பாலான வீடுகளில் பேச்சு தமிழ்தான். நான் தமிழ் வழியில் படித்தவன், என் பிள்ளைகளும் அதே வழியில் படிக்கிறார்கள். 1956இல் கேரளம் உருவானபோது சித்தூரும், இப்போதைய இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளமும் பீர்மேடும் இந்த மாநிலத்தில் அமைந்தன. சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலம் வசதி செய்ய வேண்டும் என்ற 350ஏ பிரிவும் அதே ஆண்டில்தான் அரசியலமைப்பில் சேர்ந்தது. கேரளம் அந்தப் பொறுப்பைத் தட்டிக் கழித்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பாடநூல் தயாரிக்கும் மாநில நிறுவனமான எஸ்.சி.இ.ஆர்.டி. தமிழில் பாடநூல் தருகிறது. எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைத் தமிழில் எழுத முடிகிறது. வகுப்பில் நிலையாக நின்று பாடம் நடத்த ஆள் வேண்டும், அதுதான் குறை.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆறாவது வேலை நாளில் பிள்ளைகளை எண்ணுகிறீர்கள். அந்தக் கணக்கின்படி பணியிடங்கள் முடிவாகின்றன. காலியிடத்துக்கு பி.எஸ்.சி. தேர்வின் ரேங்க் லிஸ்டில் ஆள் இல்லை என்றால் தினக்கூலி ஆசிரியர் வருகிறார். அப்படி வருபவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. குறைந்த வருமானத்தில் மனதார உழைக்கிறவர்கள் அவர்கள். ஆனால் ஒரு குழந்தை கழித்தல் கணக்கில் எங்கே தடுமாறுகிறது என்று ஓராண்டு பார்த்துப் புரிந்துகொண்டவர், மார்ச் முடிந்ததும் போய்விடுகிறார். அடுத்த ஜூனில் வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ரேங்க் லிஸ்டில் ஏன் ஆள் இல்லை? தமிழ் படித்தவர்கள் கிடைப்பதில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். சித்தூர் அரசுக் கல்லூரியிலும் மூணாறு அரசுக் கல்லூரியிலும் தமிழ்த் துறை இருக்கிறது. படித்து முடித்த பிள்ளைகள் பொள்ளாச்சி, கோவைப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பட்டத்துக்கும் பணிக்கும் நடுவில் டி.எல்.எட். அல்லது பி.எட். என்ற ஆசிரியப் பயிற்சி, அப்புறம் கேரள ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட், அதன் பிறகு பி.எஸ்.சி. அறிவிப்பு எப்போது வரும் என்ற காத்திருப்பு. அவ்வளவு காலம் சம்பாதிக்காமல் இருக்க முடிகிற வீடுகள் எங்கள் பக்கம் அதிகம் இல்லை.

என்.சி.ஏ., அதாவது 'ஆள் கிடைக்கவில்லை' என்று நிறுத்தப்படும் இடங்களின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இடஒதுக்கீட்டுச் சுழற்சியில் ஒரு சமூகத்தின் முறை வரும்போது, அந்தச் சமூகத்திலிருந்து தகுதியான ஆள் லிஸ்டில் இல்லை என்றால், அந்த இடம் என்.சி.ஏ. என்று தனியே நிறுத்தப்படுகிறது. அந்தச் சமூகத்தாருக்கு மட்டுமாக மீண்டும் அறிவிப்பு வருகிறது. மலையாள வழிப் பணிகளுக்குப் பெருங்கூட்டம் போட்டியிடுவதால் அங்கே இது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. தமிழ் வழிக்கு விண்ணப்பிப்பவர்களே கொஞ்சம் பேர், அதிலும் குறிப்பிட்ட சமூகம் என்று தேடும்போது இடம் காலியாகவே கிடக்கிறது. இடஒதுக்கீட்டைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அந்த இடங்கள் யாருக்கு உரியவையோ அவர்களின் பிள்ளைகளைப் படிக்க வைத்து அங்கே கொண்டுவந்து உட்கார வையுங்கள் என்கிறேன்.

இடுக்கியில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துத் தலித் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கேயே வாழ்கின்றன. ஆனால் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே முன்னோர் இங்கே குடியிருந்தார்கள் என்று காட்டினால்தான் பட்டியல் சாதிச் சான்றிதழ். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்தவர்களிடம் எந்தப் பட்டா இருக்கும்? சான்றிதழ் இல்லாத பெண் பி.எட். முடித்தாலும் பொதுப் பிரிவில்தான் நிற்கிறாள். ஒதுக்கப்பட்ட இடம் ஆளில்லாமல் கிடக்க, அதற்கு வரவேண்டியவள் வெளியே நிற்க நேரும் நிலை இது. தோட்டங்களின் பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்து ஆதாரமாக ஏற்பது மாநில அரசால் முடிகிற காரியம். கல்வித் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். 1950க்குப் பிறகு வந்த குடும்பங்களின் நிலையை டெல்லியில்தான் பேச வேண்டும். அதையும் மாநிலம் பேச வேண்டும்.

எங்கள் தாலுகாவில் எரவாளர், மலசர் பழங்குடிச் சமூகப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வயநாட்டில் பழங்குடிக் குழந்தைகளுக்காக அந்தச் சமூகங்களிலிருந்தே வழிகாட்டி ஆசிரியர்களை நியமித்த கோத்ரபந்து திட்டத்தை நடத்தியது நீங்கள்தான். அந்த அனுபவம் உங்கள் கையில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்த தமிழ் வழிப் பிள்ளைகளை அடையாளம் கண்டு, உதவித்தொகையோடு டி.எல்.எட். படிக்க வைத்து, கே-டெட் வரை கூடவே வாருங்கள்.

பயிற்சி பற்றியும் ஒன்று. பாலக்காடு மாவட்டத்தின் ஆசிரியர் பயிற்சி நிறுவனமான டயட் ஆனக்கரையில், மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது. நாங்கள் கிழக்குக் கோடி. தூரம்கூடப் பரவாயில்லை. பயிற்சியின் உள்ளடக்கம் மலையாள வகுப்பை மனதில் வைத்து அமைந்தால் தமிழ் வகுப்புக்கு அது பாதிதான் உதவும். மலையாளத்தில் பெரும்பாலும் ஒவ்வொரு ஒலிக்கும் தனி எழுத்து. தமிழில் 'கப்பல்', 'தங்கம்', 'பகல்' மூன்றுக்கும் ஒரே 'க'. ஒலி எங்கே எப்படி மாறுகிறது என்று ஆறு வயதுக் குழந்தைக்குப் பழக்கும் முறையே வேறு. சித்தூரிலும் மூணாறிலும் தமிழ் வழி ஆசிரியர்களுக்கென்றே கோடைப் பயிற்சி நடத்துங்கள். 2024இலும் 2025இலும் பாடநூல்கள் மாறியிருக்கின்றன. இனி எது மாறினாலும் தமிழ்க் கையேடும் மலையாளக் கையேடும் ஒரே நாளில் கைக்கு வர வேண்டும்.

ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் பள்ளிகளின் மூத்த ஆசிரியர்களில் யாரையும் இதில் இழக்க எங்களால் முடியாது. வட்டார வள மையங்களான பி.ஆர்.சி.களில் சனிக்கிழமைதோறும் தமிழிலேயே பயிற்சி வகுப்பு வையுங்கள்.

கடைசியாக, ஒரு ரேங்க் லிஸ்ட் அதிகபட்சம் மூன்று ஆண்டுதான் உயிரோடிருக்கும். அது காலாவதியாகும் முன் அடுத்த தேர்வை முடித்துவிடுங்கள். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் அடுத்த சில ஆண்டுகளில் எந்தத் தமிழ் வழிப் பள்ளியில் யார் ஓய்வு பெறுகிறார்கள், எந்தப் பாடத்தில் இடம் காலியாகும் என்ற விவரம் உங்கள் அலுவலகங்களிலேயே இருக்கிறது. அதை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். வெளியிட்டால், எந்தப் பிள்ளையை எந்தப் படிப்புக்கு அனுப்பலாம் என்று பெற்றோர் நாங்கள் பி.டி.ஏ. கூட்டத்திலேயே பேசி முடிவெடுப்போம்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பகுதியிலிருந்து ஒரு தமிழ் வழிப் பள்ளிப் பெற்றோர்