‘அது யார்?’ என்று கேட்கும் இலக்கிய வட்டத்தாருக்கு

யாழ்ப்பாணத்து இலக்கிய வட்டத்தாருக்கும், நூல் வெளியீட்டு விழாக்களை ஏற்பாடு செய்கிறவர்களுக்கும், மேடையில் ஆய்வுரை செய்யும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

என்னுடைய அடுத்த நாவலுக்கு வெளியீட்டு விழா வைக்க உங்களில் சிலர் மனமுவந்து கேட்டிருக்கிறீர்கள். நன்றி. ஓம் என்று சொல்வதற்கு முன் சில விஷயங்களைப் பேசித் தீர்க்க வேண்டும். ஆளாளுக்குத் தொலைபேசியில் சொன்னால் மாலைக்குள் கதை மாறிவிடும், எங்கள் ஊர் அப்படி. அதனால் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

முந்தைய விழாக்கள் எப்படி நடந்தன என்று உங்களுக்குத் தெரியும். மங்கல விளக்கு, அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை எல்லாம் முடிந்து ஆய்வுரை வரும்போது முன்வரிசையில் பாதிக் கதிரை காலி. சிறப்புப் பிரதி வாங்கியவர்கள் என்வலப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதில் எனக்குக் குறையில்லை. அந்த என்வலப்புகள்தான் அச்சகக் கடனை அடைக்கின்றன. என் குறை, கடைசியில் வரும் கேள்வி பற்றியது. யாராவது ஒருவர் மைக்கை வாங்கி, “இதில் வருகிற அந்தப் பிள்ளை உண்மையில் யார்?” என்று கேட்பார். ஏற்புரைக்கு எழும்பிய நான் மேடையில் முழிசிக்கொண்டு நிற்பேன்.

கேட்பவருக்கு அது இலக்கிய ஆர்வம். ஆனால் இது எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த இடம். ஒரு பெயரைச் சொன்னால் மண்டபத்திலிருந்து வெளியே போவதற்குள் அவளுடைய தங்கச்சியின் கலியாணப் பேச்சு வரை போய்விடும். சொல்லாவிட்டாலும் நீங்களே ஒரு பெயரை வைத்துவிடுகிறீர்கள், அது இன்னும் மோசம்.

சரி, உண்மை எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று பொதுவாகவேனும் சொல்லலாம்தானே என்பீர்கள். சொல்கிறேன். நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறு.

1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்தில் இடம்பெயர்ந்து வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க வெளிக்கிட்டு, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தில் நெருக்குப்பட்டு நின்றதை என் முதல் நாவலில் எழுதியிருந்தேன். அதில் ஒரு கிழவி பாலத்திலேயே உயிரை விடுவாள். ஆய்வுரை செய்த எல்லாரும் அந்த இடத்தை வாசித்துக் காட்டி, “இது இரத்தமும் சதையுமான சாட்சியம்” என்றீர்கள். அந்தக் கிழவி முழுக்கக் கற்பனை. அதே நாவலில், பிறேக் இல்லாத சைக்கிளில் ரியூசனுக்குப் போகும் இரண்டு பெட்டைகள், செருப்புக் காலால் றோட்டைத் தேய்த்து நிற்கப் பார்த்து, நேரே சேரின் மோட்டார் சைக்கிளில் போய் மோதுவார்கள். பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள். அவர் அதைத் துடைத்துக் கும்பிடாத குறையாக வைத்திருந்தார். அது எழுத்துக்கு எழுத்து நடந்தது. அதை ஒருவரும் மேடையில் வாசிக்கவில்லை. ஒரு விமர்சனத்தில் “தேவையற்ற நகைச்சுவை” என்று வேறு வந்தது.

எனக்கு வேண்டியவர்களின் சாவை உள்ளபடியே எழுத என்னால் முடிவதில்லை. அது அவர்களுடைய வீட்டாருக்குச் சொந்தமானது. சிநேகிதம் மட்டும் எனக்கும் சொந்தம், அதனால் அதை உள்ளபடியே எழுதுகிறேன்.

இரண்டாவது நாவலில் வரும் முஸ்லிம் சிநேகிதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அவளே சொல்லச் சொன்னபடியால். 1990 ஒக்ரோபர் 30 அன்று, இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவளும் போனாள். புத்தளத்தில் போய் இருந்தார்கள் என்று பிறகு அறிந்தேன். போவதற்கு முன்னைய கிழமை எங்கள் இருவருக்கும் புவியியல் பேப்பரில் யாருக்குப் புள்ளி கூட என்று சண்டை, பேச்சுவார்த்தை இல்லை. 2002இல் சமாதான காலம், யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்த பிறகு அவள் ஊர் பார்க்க வந்தாள். பன்னிரண்டு வருசம். என்னைக் கண்டதும் அவள் சொன்ன முதல் வசனம் நாவலில் அப்படியே இருக்கிறது: “எடியே, உனக்கு ரெண்டு மாக்ஸ் கூடவெண்டு சொன்னியே, அது பொய்தானே?”

இந்த இடத்தை ஒரு பெரியவர் “யதார்த்தத்துக்குப் பொருந்தாத உரையாடல்” என்றார். பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு சந்திப்பவர்கள் கட்டிப்பிடித்து அழுவார்களாம். அழுதோம் ஐயா, பின்னேரம் அழுதோம். முதலில் சண்டை பிடித்தோம். துக்கம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு அச்சு வைத்துக்கொண்டு வாசித்தால், வேறு மாதிரி வருகிற துக்கம் உங்களுக்குப் பொய்யாகத்தான் தெரியும். அவள் இப்போதும் என் கையெழுத்துப் பிரதிகளை வாசிப்பவள். அவளுடைய ஒரே முறைப்பாடு, “என்னை ஏன் இவ்வளவு நல்ல பிள்ளையாக்கினாய்?” என்பது. இதுவரை எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் உருப்படியானது அதுதான்.

மூன்றாவது நாவலின் முடிவு பற்றியும் நிறையக் கேட்டீர்கள். அதில் வன்னிக்குப் போன சிநேகிதி என்ன ஆனாள் என்று நான் சொல்லவில்லை. “கதை அந்தரத்தில் நிற்கிறது”, “ஆசிரியருக்கு முடிக்கத் தெரியவில்லை” என்று எழுதினீர்கள். யுத்தம் முடிந்த 2009 மே மாதத்தில் முல்லைத்தீவு வட்டுவாகல் பக்கம் கண்டதாகக் கேள்விப்பட்டதோடு செய்தி நின்றுபோன ஒருத்தியை வைத்துத்தான் அந்தப் பாத்திரத்தைப் படைத்தேன். அவளுடைய அம்மா இருக்கிறார். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டம் தொடங்கியபோது போய் இருந்தவர்களில் அவரும் ஒருவர். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றார். காணாமல் போனதற்கான சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது என்றார்கள், அதுவும் வேண்டாம் என்றார். பெத்தவள் கையெழுத்துப் போட மறுக்கிற ஒன்றை, கடைசி அத்தியாயம் சிறப்பாக வரவேண்டும் என்பதற்காக நான் எழுதிவிடலாமா? நாவலாசிரியருக்கு எல்லா அதிகாரமும் உண்டு என்று வகுப்பில் படிப்பிக்கலாம். இந்த அதிகாரம் எனக்கு வேண்டாம்.

இந்தப் பந்தியை அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய பிறகே சேர்த்திருக்கிறேன். ஓரிடத்தை மாற்றச் சொன்னார், மாற்றிவிட்டேன். எந்த இடம் என்று கேட்காதீர்கள்.

உங்களில் பலர் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுப்பவர்கள், உங்களுக்கு நான் இலக்கிய வரலாறு சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஒன்று. மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ வந்தது 1914இல். நூறு வருசத்துக்கு மேலாக இந்த மண்ணில் பெண்கள் நாவல் எழுதுகிறார்கள். 1986இல் பெண்களின் ‘சொல்லாத சேதிகள்’ கவிதைத் தொகுப்பு இங்கேதான் வந்தது, பெண்கள் ஒன்றாகக் கூடிப் பேசிக்கொண்டதால் வந்தது. 1991 மே மாதத்தில் தன் உயிரை முடித்துக்கொண்ட கவிஞர் சிவரமணி, தன்னிடமிருந்த கவிதைகளையும் எரித்துவிட்டுப் போனவர். மற்றவர்களின் கையில் தப்பியிருந்தவைதான் பிறகு புத்தகமாயின. அதே வருசம் ஓகஸ்ட்டில் கவிஞர் செல்வி பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பவில்லை. இவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சாவைப் பற்றித்தான் பேசுகிறோம். அந்தக் கவிதைகளைப் பத்திரமாக வைத்திருந்த கைகளைப் பற்றி யாராவது ஒரு கட்டுரை எழுதுங்களேன்.

இனி என் வேண்டுகோள்கள். நாவலை முழுக்க வாசித்தவரே ஆய்வுரை செய்யட்டும். பின்னட்டையை மட்டும் வாசித்துவிட்டு முக்கால் மணித்தியாலம் பேசியவரை நான் மறக்கவில்லை. அவர் யார் என்று நானும் சொல்லமாட்டேன். பேச்சாளர்களில் ஒருவராவது பதவி எதுவும் இல்லாத வாசகியாக இருக்கட்டும். கேள்வி நேரத்தில் யாரும் எதையும் கேட்கலாம், ஏன் அந்தப் பாத்திரம் பொய் சொல்கிறாள், ஏன் இவ்வளவு சண்டை, ஏன் சாப்பாட்டைப் பற்றியே எழுதுகிறாய் என்று எதுவும். ‘அது யார்’ என்று யாராவது தொடங்கினால் தலைவர் மைக்கை வாங்கிவிட வேண்டும். இதைக் கண்டிப்பான நிபந்தனையாகவே வைக்கிறேன்.

விழா நாளையும் ஒரு சனிக்கிழமையாக வையுங்கள். புத்தளத்திலிருந்து வருகிறவர்கள் ஞாயிறு திரும்பிப் போக வசதியாக இருக்கும். அவர்கள் தங்குவதற்கான ஒழுங்கை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் மதியச் சாப்பாட்டை மட்டும் ஹலாலாகச் சொல்லிவிடுங்கள். முதற்பிரதி பெறுபவரின் பெயரையும் நானே தருவேன். அவரைக் கூப்பிடும்போது “நாவலில் வருகிறவர்” என்று அறிவிக்க வேண்டாம். பெயரைச் சொல்லி, ஓய்வுபெற்ற ரீச்சர் என்று சொன்னால் போதும். புவியியல் ரீச்சர். அவரிடம் என்வலப் வாங்கக்கூடாது.