ஓட்டுக்கூரையில் இருந்த குட்டிகள்

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்பு மகள் கயல்விழிக்கு,

ஓடு மாற்றும்போது உன் வீட்டுக் கூரையில் கிடைத்த இரண்டு மரநாய்க்குட்டிகளைப் பற்றி நேற்று இரவு போனில் அவசரத்துக்கு வேண்டியதை மட்டும் சொன்னேன். பாலை நிறுத்து, சூடு கொடு, இருட்டியதும் பெட்டியோடு மறுபடி பரணில் வை என்று. ஒரு குட்டியைத் தாய் வந்து தூக்கிப் போய்விட்டது, இன்னொன்று அப்படியே இருக்கிறது என்று காலையில் நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். அந்த ஒன்றை மாப்பிள்ளை இந்நேரம் வனத்துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோயிருப்பார். இன்றிரவும் பரணில் வைத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னால், ஓடு மாற்றும் வேலையை இரண்டு நாள் நிறுத்திவை. வேலையாட்களின் கூலியை நான் தருகிறேன்.

அடுத்த முறை இப்படி ஒன்று உன் கையில் வந்து சேரும்போது என் போன் அணைந்திருக்கலாம். கால்நடை ஆய்வாளராக இருந்த காலத்தில் கற்றதையும், வனக்காப்பாளர்களோடு பழகித் தெரிந்துகொண்டதையும் அதற்காகவே எழுதுகிறேன்.

பூனைக்குட்டி என்று நினைத்ததாகச் சொன்னாய். நீண்ட மூக்கும் கருஞ்சாம்பல் மயிருமாக நீ அனுப்பிய படத்தில் இருந்தது மரநாய்க்குட்டி. புதுச்சேரியில் உங்கள் வில்லியனூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணும் ஓட்டுக்கூரையும் அதற்குப் பிடித்த இடங்கள். அது இரவில் நடமாடும் பிராணி. பகலில் ஆட்கள் ஏறியதும் தாய் பயந்து ஓடிவிடும். ஆனால் பெரும்பாலும் குட்டிகளைக் கைவிட்டுப் போகாது. ஆள் அரவம் அடங்கியதும் திரும்பி வந்து, ஒவ்வொன்றாகக் கவ்வி வேறு இடத்துக்கு மாற்றும். அதற்கு நாம் வழிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அனாதை என்று நாமே முடிவுகட்டித் தூக்கிவரும் குட்டிகளில் பலவற்றுக்குத் தாய் இருக்கிறது. வயல்வரப்பில் முயல்குட்டி தனியாகக் கிடந்தால் அதைத் தொடவே கூடாது. தாய் முயல் பகலெல்லாம் விலகியே இருக்கும், ஓரிரு முறை மட்டும் வந்து பால் கொடுக்கும். அது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் நாய்க்கும் நரிக்கும் குட்டி இருக்கும் இடம் தெரிந்துவிடும். சித்திரை வைகாசியில் தரையில் தத்தித் தத்தி நடக்கும் பறவைக்குஞ்சும் அப்படித்தான். இறகு முளைத்திருந்தால் அது பறக்கப் பழகுகிறது. தாய் தந்தை மரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். நாய், பூனை எட்டாத கிளையில் ஏற்றிவிட்டு நீ நகர்ந்துவிடு. இறகே முளைக்காத குஞ்சானால் கூட்டில் திரும்ப வை. மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. காக்கைகள் கொத்தித் துரத்தும் கறுத்த குஞ்சு ஒன்றைப் பார்த்தால், அது பெரும்பாலும் காக்கைக் கூட்டில் வளர்ந்த குயில். அதை ஒரு பெட்டியில் வைத்துக் காப்பாற்று.

உண்மையிலேயே உதவி வேண்டிய உயிரைக் கண்ணால் பார்த்தே அறியலாம். இரத்தம், தொங்கும் சிறகு, உடைந்த கால், பூனை கவ்விய காயம், மாஞ்சா நூல் அறுத்த வெட்டு. பூனைப் பல் பட்ட இடம் ஊசி குத்திய அளவே இருந்தாலும் அன்றே மருந்து வேண்டும், உள்ளே சீழ் பிடித்துவிடும். மயிரை விலக்கிப் பார், ரவை தூவியது போல வெள்ளையாக இருந்தால் ஈ முட்டையிட்டிருக்கிறது. தாய் நெடுநேரம் வரவில்லை என்று அதற்குப் பொருள். வயிற்றுப்பக்கம் புறங்கையை வைத்துப் பார். சில்லென்றிருந்தால் முதலில் வேண்டியது சூடு, தீனி இல்லை.

துளையிட்ட அட்டைப்பெட்டி, அடியில் பழைய பருத்தித் துணி. வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வை. சூடு கூடினால் குட்டி மறுபாதிக்கு நகர இடம் இருக்க வேண்டும். மூடி, சத்தமில்லாத அறையில் வைத்துவிடு. குழந்தைகள் எட்டி எட்டிப் பார்ப்பதும், விளக்குப் போட்டுப் படம் எடுப்பதும் வேண்டாம். நாம் கொஞ்சுவதாக நினைத்துத் தடவுவது அதற்கு மரண பயம்.

பாலைப் பற்றி மறுபடி சொல்கிறேன். பசும்பால் குட்டிகளுக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். அதைவிடக் கொடியது, மல்லாத்திப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விடுவது. பால் நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் கண்டு, நல்ல மனத்தோடு எடுத்து வளர்த்தவர்கள் கையிலேயே செத்த குட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பறவையின் அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றுவதும் இதே கதைதான்.

இனி யாரிடம் போவது என்பது. முதலில் வனத்துறை. நீ இருக்கும் இடத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. புதுச்சேரிக்குத் தனி வனத்துறை, தமிழ்நாட்டுக்குத் தனி. பாகூர், வில்லியனூர் பக்கம் போனால் சில கிலோமீட்டருக்குள் எல்லை மாறி மாறி வரும். 2008ல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஊசுட்டேரியின் மறுபகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அடிபட்ட மயிலோடு ஒருவர் ஓர் அலுவலகத்துக்குப் போய், "எங்கள் எல்லை இல்லை" என்ற பதிலைக் கேட்டு, மறு அலுவலகம் போவதற்குள் மயில் இறந்ததை அறிவேன். இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆகவே எடுத்த இடத்தின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள், கிளம்பும் முன் போன் செய், ஒப்படைத்ததற்கு எழுத்தில் ஒன்று கேள். இரு பக்க வனத்துறை எண்களையும் இன்றே தேடிச் சேமித்துவை. பாம்பு வீட்டுக்குள் வந்தால் தீயணைப்பு நிலையத்துக்கு 101. அவர்கள் வரும்வரை யாரும் கம்பு எடுக்க வேண்டாம்.

மருத்துவத்துக்கு உனக்கு அருகிலேயே குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கடலூரில் எங்களுக்கு அந்த வசதி இல்லை. இங்கே அரசு கால்நடை மருத்துவர்கள் மாடும் ஆடும் பார்த்துப் பழகியவர்கள். ஆனாலும் இரத்தத்தை நிறுத்தவும் வலியைக் குறைக்கவும் அவர்களால் முடியும். காட்டுயிருக்கென்று ஒரு மருத்துவமனை இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நரி, குரங்கு, மரநாய், வௌவால் எதையும் வெறுங்கையால் தூக்காதே. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள். சின்னக் கீறல்தானே என்று விடாதே. வெறிநோய் கண்டபின் மருந்து இல்லை.

தை முதல் பங்குனி வரை கடற்கரைக்குப் போனால் ஆமைகளையும் கவனி. தேவனாம்பட்டினம் முதல் தெற்கே நம் கரை நெடுகப் பங்குனி ஆமை முட்டையிட வருகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியவையும் இவைதான். வலையில் சிக்கிய ஆமை மூச்சுக்கு மேலே வர முடியாமல் மயங்கிப்போகும். கரையில் அசையாமல் கிடப்பது செத்ததாகத் தோன்றினாலும், சில மணி நேரம் கழித்துத் தெளிவதுண்டு. பாவம் என்று கடலுக்குள் தள்ளினால் மூழ்கிவிடும். நிழலில் வைத்து, பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஓட்டின்மேல் ஈரத்துணி போட்டு வனத்துறையை அழை. மீனவர்களிடம் கேள், யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

"நாமே வளர்த்தால் என்னப்பா?" என்று நேற்று நீ கேட்டாய். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், கூண்டுக்கிளிக்கும் இதே சட்டம்தான். ஆனால் என் மனத்தில் இருப்பது சட்டமல்ல. உன் மடியில் வளரும் மரநாய்க்குப் பழமரம் ஏறத் தெரியாது, நாயைக் கண்டு ஓடத் தெரியாது. நீ அதன்மேல் வைத்த பாசத்தை முழுவதும் இன்று ஒப்படைக்கும் அந்த ஒரு பயணத்தில் காட்டிவிடு. உனக்கு அழுகை வரும், வரட்டும்.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாயும் முறுக்கும் பார்சல் அனுப்புகிறாள். அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாமல், துளையிட்டு மாடிப்படிக்கு அடியில் வை.

அன்புடன்,
அப்பா