கோளாறு பம்பில் இல்லை: டிராக்டர் லிஃப்ட் பழுதுபார்த்தது பற்றிய புகார்

முகாமையாளர் அவர்களுக்கு,

கந்தப்பளையில் மரக்கறித் தோட்டம் செய்கிறேன். போன மாசி மாதம் உங்கள் ஆட்கள் வந்து எங்கள் மெசி ஃபேர்கசன் 35 டிராக்டருக்கு ஹைட்ரோலிக் பம்ப், அதாவது பின்னால் கலப்பையைத் தூக்குகிற லிஃப்டுக்கு ஒயிலை அழுத்தித் தள்ளுகிற பம்ப், மாற்றிவிட்டுப் போனார்கள். பம்புக்கு 112,000 ரூபா, கூலியும் வேன் செலவும் 28,000 ரூபா, பில் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கோளாறு பம்பில் இல்லை. கழற்றிய பழைய பம்பை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போனில் மூன்று தடவை சொல்லிவிட்டேன், மூன்று தடவையும் "மெக்கானிக்கிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்றுதான் பதில், அதனால் இப்போது எல்லாவற்றையும் எழுத்தில் தருகிறேன்.

இந்த டிராக்டர் அப்பா 1978இல் ஒரு தோட்டத்து ஏலத்தில் எடுத்தது. மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் இன்ஜின், இன்றைக்கும் குளிர் காலையில் இரண்டாவது சுற்றில் பிடித்துவிடும். எங்கள் மண்ணில் நடும் முன்பு ஆழமாக ஒரு உழவு போடாவிட்டால் கிழங்கு கோணலாகத்தான் வரும், எங்களுக்கு இருக்கிற ஒரே இயந்திரமும் இதுதான். அதனால் இதற்கு ஒன்று என்றால் பழைய இரும்புதானே என்று விட்டுவிட முடியாது.

முதல் நாள் நான் போனில் சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். லிஃப்ட் தூக்குகிறது, கலப்பையோடு சேர்த்து வேகமாகவே தூக்குகிறது, ஆனால் மேலே நிற்கவில்லை என்றேன். இன்ஜினை நிறுத்தினால் ஒரு பிளேன்டி குடித்து முடிக்கும் முன்பே கலப்பை தரையில். இன்ஜின் ஓடும்போது கொஞ்சம் இறங்கும், உடனே ஏறும், மறுபடி இறங்கும், தலையாட்டுகிற மாதிரி. இந்த இரண்டையும் சொன்னால் போதும், இந்த வேலை தெரிந்தவனுக்குப் பாதி விளங்கிவிடும். பம்ப் தேய்ந்தால் தூக்காது, அல்லது முக்கி முக்கித் தூக்கும். வேகமாகத் தூக்கிவிட்டுக் கீழே விடுகிறது என்றால் அழுத்தத்தில் இருக்கிற ஒயில் எங்கேயோ கசிகிறது. எங்கே என்று தேடுவதுதான் மெக்கானிக்கின் வேலை.

வந்தவர் தேடவில்லை. ஏறி உட்கார்ந்தார், லிஃப்ட் நெம்பை மேலே இழுத்தார், ஒன்றும் நடக்கவில்லை, "பம்ப் செத்துப்போச்சு" என்றார். பி.டி.ஓ. நெம்பு, அதாவது இன்ஜின் சக்தியைப் பின்பக்கத் தண்டுக்குக் கொடுக்கிற நெம்பு, நியூட்ரலில் இருந்தது! இந்த மொடலில் பம்பைச் சுழற்றுவதே பி.டி.ஓ. தண்டுதான், அதைப் போடாமல் லிஃப்ட் எப்படி ஏறும்? என் மகன்தான் அந்த நெம்பைத் தள்ளிக் காட்டினான், உடனே கலப்பை எழும்பியது. அதற்குப் பிறகாவது அவர் யோசித்திருக்க வேண்டும். "ஏறுது, ஆனா வீக்" என்று சொல்லிவிட்டு பம்புக்கு ஓடர் போட்டார். நானும் சம்மதித்தேன், பருவம் தவறுகிறதே என்ற அவசரம், விதைக்கிழங்கு முளை விட்டுக் கிடந்தது.

இரண்டு நாள் கழித்துப் புதிய பம்போடு வந்தார்கள். இந்த டிராக்டரில் பம்பை வெளியே எடுக்க வேண்டுமென்றால் சீட்டைக் கழற்றி, மேல் கவரையே தூக்க வேண்டும். தூக்கினார்கள், எங்கள் கொட்டகையில் சாக்கு விரித்துக் குப்புறப் போட்டார்கள். ஒயில் அழுத்தத்தில் பிஸ்டன் நகர்ந்து கலப்பையைத் தூக்குகிற லிஃப்ட் சிலிண்டர் அந்தக் கவரின் அடியில்தான் பொருத்தியிருக்கிறது. அரை நாள் அது வானத்தைப் பார்த்துக் கிடந்தது. போல்ட்டைக் கழற்றி பிஸ்டனை வெளியே இழுத்து, ஒயில் கசியாமல் அடைக்கிற ரிங்கைப் பார்க்க அரை மணித்தியாலம் ஆகாது. யாரும் தொடவில்லை. இதை நினைக்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது, காசை நினைத்துக்கூட இவ்வளவு வருவதில்லை.

அன்று மாலையே கலப்பை பழையபடி இறங்கியது. கேட்டதற்கு, புதுப் பம்ப், காத்து போகணும், இரண்டு நாளில் செட் ஆகிவிடும் என்றார்கள். சரி என்று நம்பினேன். மூன்றாம் நாள் வயலில் இன்ஜினை நிறுத்திவிட்டு, கலப்பையில் சிக்கிய புல்லை இழுக்க மகன் குனிந்தான். கொழு இறங்கி அவன் செருப்பின் நுனியை மண்ணோடு அழுத்திவிட்டது. கால் விரலுக்கும் கொழுவுக்கும் இரண்டு அங்குலம்கூட இல்லை. தூக்கி வைத்த கலப்பைக்குக் கீழே முட்டுக் கொடுக்காமல் கை வைக்கக்கூடாது, அது எங்களுக்கும் தெரியும். ஆனால் "இப்ப சரி" என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு போனது நீங்கள்.

அப்புறம்தான் மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கூட்டிவந்தேன். தோட்டத்து லொறி ஷெட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கண் பார்வை கொஞ்சம் மங்கல். அவர் முதலில் கேட்டது ஒரு டோர்ச் லைட்டும் ஒரு வாளியும். பக்க மூடியின் அடி மட்டம் வரைக்கும் ஒயிலை இறக்கச் சொன்னார், மீதி ஒயிலில் பம்ப் மூழ்கித்தான் இருக்கும். வந்த ஒயிலின் நிறம் பால் தேத்தண்ணி. எங்கள் ஊர் மழைக்கும் மூடுபனிக்கும் கியர் நெம்பின் ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கி ஒயிலோடு கலந்திருக்கிறது. கியருக்கும் லிஃப்டுக்கும் ஒரே ஒயில்தான், தண்ணீர் சேர்ந்தால் பம்பில் இருக்கிற கட்டுப்பாட்டு வால்வு துருப்பிடித்து இறுகும். உங்கள் ஆள் புதிய பம்பை அதே ஒயிலுக்குள் இறக்கியிருக்கிறார்!

பிறகு இன்ஜினைப் போட்டு, கலப்பையை ஏற்றி, நிறுத்தி, பக்க மூடியைக் கழற்றிய ஓட்டை வழியாக டோர்ச் அடித்துப் பார்த்தோம். அழுத்தம் மிஞ்சினால் ஒயிலை வெளியே விடுகிற ரிலீஃப் வால்வு பக்கம் ஒரு சொட்டு இல்லை. மேலே சிலிண்டரின் திறந்த வாயிலிருந்து மட்டும் ஒயில் நூல் மாதிரி வடிந்துகொண்டே இருந்தது, வடிய வடிய கலப்பை இறங்கியது. "பம்ப் புதுசு, நோய் பழசு" என்றார் பாஸ். கவரைத் தூக்கி பிஸ்டனை இழுத்தால், ரிங் காய்ந்த கருவாட்டுத் தோல் மாதிரி இருந்தது, நகம் பட்டதும் ஒரு துண்டு உடைந்து கையோடு வந்தது. பம்பிலிருந்து சிலிண்டருக்கு ஒயில் ஏறுகிற குழாயின் ஓ ரிங்குகளும், கசிவை அடைக்கிற ரப்பர் வளையங்கள், பழையவைதான், தட்டையாக நசுங்கியிருந்தன. குழாயைக் கழற்றிய உங்கள் ஆள் அதே ரிங்குகளைத் திரும்பப் போட்டிருக்கிறார். புது ரிங்குகள் எல்லாம் சேர்த்து 2,400 ரூபா. ஏறக்குறைய முப்பது லீற்றர் புது ஒயில் தனிச் செலவு, அது என் பொறுப்பு, அதைக் கேட்க மாட்டேன். இப்போது கலப்பையை இரவு தூக்கி நிறுத்தினால் விடியும்போதும் அதே உயரத்தில் நிற்கிறது.

நான் கேட்பது இதுதான். பழைய பம்பைக் கொண்டுவாருங்கள். உங்கள் ஆளையே அனுப்புங்கள், பாஸும் இருப்பார். அதைத் திரும்பப் பொருத்தி, கலப்பையைத் தூக்கி, இன்ஜினை நிறுத்தி, அரை மணித்தியாலம் எல்லாருமாகப் பார்ப்போம். நின்றால் புதிய பம்பை எடுத்துக்கொண்டு 112,000 ரூபாவைத் தாருங்கள். நிற்காவிட்டால் புதியது எனக்கு, அந்தக் காசைப் பற்றிப் பேச மாட்டேன். 28,000 ரூபா கூலி எப்படிப் பார்த்தாலும் திரும்பி வர வேண்டும், கண்டுபிடிக்காத கோளாறுக்கு வாங்கிய கூலி அது. பழைய பம்பை ஏற்கெனவே வேறு யாருக்காவது விற்றிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், அப்போது முழுக் காசும் தர வேண்டியிருக்கும்.

இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் பில்லையும் உடைந்த ரிங்கையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போவேன். கந்தப்பளையில் மட்டும் இதே மொடல் வைத்திருக்கிற நாலைந்து பேரை எனக்குத் தெரியும், அவர்களில் இரண்டு பேர் லிஃப்ட் வேலைக்கு உங்களைக் கூப்பிடலாமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பதில் வரும்வரை அவர்களைப் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பில்லின் பிரதியும் ரிங்கின் படமும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஆள் வருவதென்றால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், மற்ற நாட்களில் காலை எட்டு மணிக்குப் பிறகு எப்போதும் தோட்டத்தில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
கந்தப்பளையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்