சனிக்கிழமை ஆரல்வாய்மொழி பக்கத்துல இருக்குற காத்தாடிமலை போறோம்

எல்லாருக்கும் இயேசுவுக்கே புகழ். வர்ற சனிக்கிழமை காலைல 6 மணிக்கு வேன் கோவில் முன்னால இருந்து கிளம்பும். இந்த மாசம் நம்ம அன்பியத்துல, அதாவது பக்கத்து வீட்டுக்காரங்க சேர்ந்து செபிக்கிற குழுவுல, ரெண்டு வீட்டுல கடன், ஒரு வீட்டுல டயாலிசிஸ், செபிச்சு என்னத்துக்குன்னு ஒரு அக்கா நேத்து கேட்டாங்க, எனக்கு சட்டுனு பதில் வரல. புனிதர் தேவசகாயம் பிள்ளைய நெனச்சு பாருங்க, 1745ல ஞானஸ்நானம் வாங்குனவரு, எத்தன அடி வாங்கியும் விசுவாசத்த விடல, 1752 ஜனவரி 14ல அந்த காத்தாடிமலையிலதான் அவர சுட்டு கொன்னாங்க. 2017ல ஒக்கி புயல் அடிச்சப்போ என் தம்பி கடல்ல, அம்மா கையில செபமாலை மணி வேர்வையில வழுக்கும், ஆனாலும் உருட்டிக்கிட்டே இருந்தாங்க, தம்பி திரும்பி வரல, அம்மா இன்னைக்கும் காலைப் பூசைக்கு போறாங்க. வர்றவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் சொல்லிருங்க, அந்த அக்காவ நான் போய் கூட்டிட்டு வாறேன்.